நாலாவது வாய்தா

செங்கல்பட்டில் ஏறினேன்.
பாதி இருக்கைக்கு மட்டுமே உரிமையுள்ள டிக்கெட்.
முன்பின் தெரியாத ஒருவரின் குதிகாலோடு
ராத்திரி முழுக்க எல்லைத் தகராறு.
கோவில்பட்டியில் விடிந்தது.
கரிசல் தீருகிற பக்கம் காற்றாலைகள்,
ஒன்று சுற்றுகிறது
ஒன்று யோசிக்கிறது.

முதல் தடவை ஜங்ஷனில் இறங்கி
"திருநெல்வேலி போகுமா" என்று கேட்டேன்.
கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.
"எந்தத் திருநெல்வேலி?
டவுனா, பாளையா, புது பஸ் ஸ்டாண்டா?
நீங்க நிக்கதும் திருநெல்வேலிதாம்மா."
பஸ்ஸே சிரித்தது.
ஆற்றுக்கு இந்தக் கரையில் கொஞ்சம் அந்தக் கரையில் கொஞ்சம்,
யாரைக் கேட்டாலும்
தான் இறங்குகிற நிறுத்தத்தைத்தான் ஊர் என்கிறார்கள்.

நான் சாட்சி.
மூன்று வருஷம் முன்னால்
கூட வேலைபார்த்தவள் கல்யாணத்துக்கு வந்தபோது
முருகன்குறிச்சி வளைவில்
பஸ் ஒரு டிவிஎஸ்ஸை உரசியதை
இடப்பக்கம் மூன்றாவது ஜன்னலிலிருந்து பார்த்தேன்.
போலீஸ் வருவதற்குள் பஸ் காலி.
நான் மட்டும் நின்று சரியான விலாசம் சொன்னேன்.
அந்தக் குற்றத்துக்கு
இது நாலாவது சம்மன்.

டவாலி மூன்று தரம் கூப்பிட்டார்.
எழிலரசி
எழிலரசி
எழில்ராசி.
மூன்றாவதாய்க் கூப்பிட்டவளும் நானாகத்தான் இருக்க வேண்டும்,
எழுந்து போனேன்.
வக்கீல் வரவில்லை. தேதி வந்தது.

மணி பத்தே முக்கால். ரயில் ராத்திரி.
நடுவில் கிடக்கிற பகலை எங்கே கொண்டு வைப்பது?
முகத்தில் ரோஸ் அடித்த அரசு பஸ்ஸில்
பொம்பளைகளுக்குக் காசில்லை.
ஏறி உட்கார்ந்துவிட்டேன்.
வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம்,
பாலத்தடியில் ஆறு, ஒரு துண்டு பிழிகிற நேரம்.
ஈரடுக்குப் பாலத்தில் நாங்கள் மாடியில் போக
சைக்கிள்கள் எங்கள் காலுக்கடியில்.
டவுனில் முதலில் நெய்வாசம் வரும், பிறகு நிறுத்தம்.
இறங்கி மறுபடி ஏற்றம். பேட்டை.
மறுபடி. மேலப்பாளையம்.
கைப்பையில் பூஜ்யம் என்று அச்சடித்த சீட்டுகள் பதினொன்று.
கோயிலுக்குள் போனதில்லை, அல்வா வாங்கினதில்லை,
ஆனால் எந்த நிறுத்தத்தில் பஸ் முழுசாக நிற்காது
என்பது தெரியும்.

சமாதானபுரத்தில் டீக்கு நின்றபோது
பக்கத்தில் ஜெபமணி.
காலையில் கூண்டில் பார்த்த அதே நீலச்சட்டை.
இப்போது டிப்போவில் டயருக்குக் காற்றடிக்கிறாராம்,
கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.
சாட்சியோடு பேசக் கூடாதென்று அவருக்கும் தெரியும்.
கிளாஸைப் பார்த்தபடியே சொன்னார்:
"ஸ்டேஷனுக்குத்தான? இதுல ஏறாதீங்க, சுத்திட்டுப் போவான்.
பின்னால வாரதுல உக்காந்துக்கிடுங்க.
எடப்பக்கம் வேண்டாம், வெயிலடிக்கும்."
இரண்டு மடக்கு விட்டு,
"அந்த வளைவுல கண்ணாடியில ஒண்ணுமே தெரியாதும்மா."

இதில் எதுவரை வழி
எதிலிருந்து வாக்குமூலம்?

பின்னால் வந்ததில் ஏறினேன்.
வலப்பக்கம் உட்கார்ந்தேன்.
முருகன்குறிச்சி திரும்பும்போது எழுந்து எட்டிப் பார்த்தால்
நிற்கிற தலைகள்தான்,
கண்ணாடியில் டிரைவரின் காது.
அன்றைக்கு நாலு வாழைத்தார் ரோட்டில் உருண்டது.
விழுந்த நம்பிராஜன் முழங்கையில் ரத்தத்தோடு
முதலில் அதைத்தான் எண்ணினார்.
மூன்று.
நாலாவது எங்கள் பஸ்ஸுக்கு அடியில் கிடந்தது.
இதை யாரும் என்னிடம் இதுவரை கேட்கவில்லை.

ஜங்ஷனுக்கு முந்தின நிறுத்தத்தில்
பெரிய டிரங்குப் பெட்டியோடு ஒரு பையன்,
தலையை உள்ளே நீட்டி,
"ஏக்கா, இது திருநெல்வேலி போகுமா?"

எந்தத் திருநெல்வேலி
என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்து
"ஏறுங்க, போவும்" என்றேன்.